விக்டோரியாவின் ரெக்வியம்: எந்தப் பதிவை வாங்குவது?

ஸ்பானிய இசையமைப்பாளர் தோமாஸ் லூயிஸ் தெ விக்டோரியா எழுதிய ரெக்வியம், அதாவது இறந்தோருக்கான திருப்பலி இசை, ஒன்றல்ல, இரண்டு. 1583இல் ரோமில் அச்சானது நான்கு குரலுக்கானது. 1605இல் மாட்ரிட்டில் வந்தது ஆறு குரலுக்கானது. எல்லோரும் கொண்டாடுவது பின்னதைத்தான். ஸ்ட்ரீமிங்கில் இரண்டும் ஒரே பெயரில் கலந்து கிடப்பதால், பட்டியலில் ‘தேதெத் ஆனிமாம் மேயாம்’ என்ற பகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பைபிளில் வரும் யோபு வாழ்வை வெறுத்துப் பேசும் வரிகளை நான்கு குரலில் கட்டிய பகுதி அது. இருந்தால் பெரும்பாலும் 1605தான்.

ஸ்பெயினின் ஆவிலாப் பேராலயத்தில் சிறுவனாகப் பாடியவர் விக்டோரியா. ரோமில் படித்து, 1575இல் கத்தோலிக்கக் குருவானார். 1583 நூலின் சமர்ப்பணத்திலேயே தாய்நாடு திரும்பி அமைதியாக வாழ வேண்டும் என்று மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு எழுதியிருந்தார். திரும்பியபின் மன்னரின் தங்கை, பேரரசி மரியாவுக்கு மாட்ரிட்டின் தெஸ்கால்சாஸ் ரேயாலெஸ் மடத்தில் பணிபுரிந்தார். 1603இல் மரியா இறந்தார். அந்த இரங்கலுக்கான இசையே 1605 நூல். அதே மடத்தில் துறவியாக இருந்த மரியாவின் மகள் மார்கரெட்டுக்கு அதைச் சமர்ப்பித்தார். அதற்குப்பின் 1611இல் இறக்கும்வரை வேறெதையும் அவர் அச்சிடவில்லை.

எந்தப் பதிவையும் எடைபோட ஒரு சோதனை போதும்: இரண்டாம் சோப்ரானோ (இரண்டு உச்சக் குரல்களில் ஒன்று) கேட்கிறதா? பழைய கிரிகோரியன் மெட்டை, அதாவது தேவாலயத்தின் ஒற்றைக் குரல் வழிபாட்டு மெட்டை, விக்டோரியா பெரும்பாலும் அந்தக் குரலில்தான் நீண்ட சுரங்களாக வைத்திருக்கிறார் (காணிக்கைப் பாடலில் மட்டும் அது சோப்ரானோவுக்கு அடுத்த கீழ்க் குரலான ஆல்ட்டோவுக்கு இறங்குகிறது). முதல் சோப்ரானோ அதன் மேலேயும் கீழேயும் ஓடும். இரண்டு குரலும் ஒரே நிறமாக இருந்துவிட்டால் மெட்டு கரைந்துபோகும்; மிச்சம் அழகான மூட்டம்தான். வேகமும் கெடுக்கும். மிக மெதுவாகப் பாடினால் மெட்டின் அடுத்த சுரம் வருவதற்குள் முந்தையது காதில் மறைந்துவிடுகிறது.

பீட்டர் பிலிப்ஸ் நடத்தும் டாலிஸ் ஸ்காலர்ஸ் பாடகர் குழுவின் 1987 பதிவு சுத்தத்தில் முதலிடம். மேல் குரல்களில் பெண்கள். சுருதி கத்தி முனை போல நிற்கிறது, ஒவ்வொரு உரசலும் தெளிவு. ஆனால் அந்த ஒருமையே இங்கே குறையும்கூட: இரு சோப்ரானோக்களையும் பிரித்தறியக் காதுக்குப் பழக்கம் வேண்டும். அதில் இன்னொரு ஸ்பானிய இசையமைப்பாளர் அலோன்சோ லோபோவின் ‘வெர்சா எஸ்ட் இன் லுக்தும்’ பாடலும் உண்டு. விக்டோரியாவும் அதே வரிகளுக்கு இசையமைத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘என் யாழ் புலம்பலாயிற்று’ என்ற அந்த யோபு வரியை இருவர் கையாண்ட விதத்தை அடுத்தடுத்துக் கேட்பதே வாங்கிய காசுக்குப் போதும்.

ஹைபீரியன் இசை நிறுவனம் வெளியிட்ட வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல் குழுவின் பதிவை நடத்தியவர் டேவிட் ஹில். மேலே சிறுவர் குரல்கள். கொஞ்சம் கரகரப்பும் கூர்மையும் உள்ளவை. மெட்டு பளிச்சென்று வெளியே வருகிறது. சில இடங்களில் முரட்டுத்தனம் உண்டு, அது இந்த இசைக்குக் கெடுதல் இல்லை. ஒன்றுதான் வாங்குவது என்றால் இதையே சொல்வேன். பால் மெக்ரீஷின் கேப்ரியேலி கன்சார்ட் குழு ஆண் குரல்களை மட்டும் வைத்து, சுருதியைத் தாழ்த்திப் பாடுகிறது. கனமும் இருட்டும் கூடுகின்றன, மேல்வரி மின்னுவது குறைகிறது. இரண்டாவது பதிவாக வைத்துக்கொள்ளலாம்.

கேட்கும்போது கவனிக்க: செயலியில் ஒரு பாடலின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் ‘கிராஸ்ஃபேட்’ வசதியை அணைத்துவிடுங்கள். பகுதிகளின் முதல் சொற்களை ஒற்றைக் குரல் தொடங்கிவைத்த பிறகே ஆறு குரல்கள் சேரும். முந்தைய பாடலின் வால் அதன் மேல் விழுந்தால் அந்த நுழைவே பாழ். முன்னதாக கிரிகோரியன் ‘ரெக்வியம் ஏத்தெர்னாம்’ மெட்டை இரண்டு மூன்று முறை தனியாகக் கேட்டுவிட்டு வந்தால், இரண்டாம் சோப்ரானோவைத் தேட வேண்டியதே இல்லை. இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய ‘தியெஸ் இரே’ நெடும்பாடல் எங்கே என்று தேடாதீர்கள். அதை விக்டோரியா இங்கே பல்குரலில் அமைக்கவில்லை. கடைசியில் வரும் ‘லிபெரா மே’க்குள் மட்டும் அந்த வார்த்தைகள் தலைகாட்டும்.