ஆறு பெட்டியும் ஒலித்தால் அது 5.1 ஆகிவிடாது

கிளிநொச்சி, பரந்தன், விசுவமடுப் பக்கம் யாராவது கணினிக்கு 5.1 ஸ்பீக்கர் பூட்டக் காசு கொடுக்க இருந்தால், கொடுப்பதற்கு முன் இதை வாசியுங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு ஆட்களும் செய்யலாம்.

எங்கள் ஊர் வாசிகசாலை மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். சுவிஸில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அனுப்பிய காசில் 5.1 செட் ஒன்று வாங்கினோம். ஐந்து பெட்டி, தாழ்ந்த அதிர்வொலிக்கென ஒரு சப்வூஃபர். படத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சத்தம் வரவேண்டும், அதுதான் 5.1. பெட்டிகளில் ஒரு குறையும் இல்லை. கணினியிலிருந்து பெட்டிக்குச் சத்தம் போகும் வழியில்தான் ஏமாற்று நடந்தது.

பூட்ட வந்தவர் கணினியின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "இதில் ஸ்டீரியோ மட்டும்தான் வரும் ஐயா. 7.1 சவுண்ட் கார்ட் ஒன்று போடவேண்டும்" என்றார். பெருவிரல் அளவில் ஒரு யூ.எஸ்.பி. துண்டை எடுத்துச் செருகினார். உறையில் பொன்னிற எழுத்தில் 7.1 என்று இருந்தது. விலை 6500 ரூபாய், பூட்டுக்கூலி வேறு. பிறகு பாட்டு ஒன்றைப் போட்டார். ஆறு பெட்டியும் அதிர்ந்தன, மண்டபமே அதிர்ந்தது, நிர்வாகத்தில் இருந்த பெரியவர்கள் கைதட்டாத குறை.

முதற்படம் போட்ட அன்றே எனக்குச் சந்தேகம். படத்தில் ஹெலிகொப்டர் ஒன்று பின்னாலிருந்து தலைக்கு மேலாக முன்னே போகவேண்டும். ஆனால் நாலு மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் இரைந்தது. ஹெலி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று காதால் அறிய, போரைக் கண்ட வன்னிச் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். "படம் அப்படித்தான் ஐயா, நல்ல பிரதியாக எடுத்துப் போடுங்கள்" என்றார்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை விடுமுறையில் வந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் குனிந்து, கறுப்பு டேப் சுற்றியிருந்த ஒரு முடிச்சை அவிழ்த்தாள். "மாமா, இதைப் பாருங்கள்" என்றாள். செட்டிலிருந்து வந்த மூன்று வயர்களும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு பிரிப்பான்களில் முடிந்தன. பிரிப்பான்களின் வால் ஒரேயொரு பிளக்காக அந்த யூ.எஸ்.பி. துண்டின் ஹெட்போன் துளைக்குள் போயிருந்தது. சாதாரண 'வை' வடிவப் பிரிப்பான்தான். ஒரு சத்தத்தை மூன்று இடத்துக்குப் பிரதி எடுத்து அனுப்பிவிட்டு, அதற்கு 7.1 என்று பெயர் வைத்திருக்கிறார்.

கணக்கு மிக எளிது. கணினியின் ஒரு துளையில் செருகும் ஸ்டீரியோ பிளக் இரண்டு தடங்களை, அதாவது இரண்டு தனித்தனிச் சத்தங்களைத்தான் கொண்டுபோகும், இடம் ஒன்று, வலம் ஒன்று. 5.1 என்றால் ஆறு தடங்கள், ஆகவே மூன்று துளைகள் வேண்டும். இந்த வழியில் 7.1 என்றால் நான்கு. அந்தத் துண்டில் இருந்தவை இரண்டே இரண்டு, அவற்றிலும் ஒன்று மைக்குக்கு உரியது. உறையில் 7.1 என்ற எழுத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவில் 'விர்ச்சுவல்' என்று அச்சிட்டிருந்தது. ஹெட்போனில் கேட்பவருக்குச் சுற்றிவரச் சத்தம் வருவதுபோல மென்பொருள் செய்யும் மாயம் அது. மண்டபத்தின் பின்சுவரில் மாட்டிய பெட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

விண்டோஸில் சவுண்ட் பகுதிக்குப் போய், ஸ்பீக்கரைத் தெரிவுசெய்து, 'கன்ஃபிகர்' என்பதை அழுத்தினால் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். எங்கள் துண்டுக்கு அங்கே 5.1 என்ற தெரிவே வரவில்லை. இடப்பக்கப் பெட்டியை அழுத்தினோம். முன் இடம், பின் இடம், நடுப்பெட்டி மூன்றும் ஒன்றாக ஒலித்தன. வலப்பக்கத்தை அழுத்தியபோது முன் வலமும் பின் வலமும் ஒலித்தன, சப்வூஃபர் மெதுவாக உறுமியது. நடுப்பெட்டியும் சப்வூஃபரும் ஒரே வயரைப் பங்குபோடுவதால், இடத் தடம் ஒன்றுக்கும் வலத் தடம் மற்றதற்கும் போயிருக்கிறது. பேச்சு வரவேண்டிய நடுப்பெட்டியில் இவ்வளவு நாளும் இடக்காதுச் சத்தம் மட்டுமே வந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டுகளில் பெரும்பாலானவை ஸ்டீரியோவில் பதிந்தவை. 5.1 ஒழுங்காகப் பூட்டியிருந்தால், ஸ்டீரியோச் சத்தத்தை எல்லாப் பெட்டிக்கும் பரப்பும் தெரிவை நீங்களே போட்டாலன்றி, அப்படியான பாட்டுக்குப் பின் பெட்டிகள் பேசாமல்தான் இருக்கும். பாட்டைப் போட்டு ஆறு பெட்டியையும் அலறவைத்துக் காட்டுகிறவரிடம் அங்கேயே கேள்வி கேளுங்கள்.

மீண்டும் கூப்பிட்டபோது, பூட்டியவர் சத்தத்தை ஒளியாகக் கொண்டுபோகும் ஒப்டிக்கல் வயரோடு வந்தார். "இது டிஜிட்டல், இதில் பிழைக்கே இடமில்லை" என்று சொல்லி, கணினியின் ஒப்டிக்கல் துளையிலிருந்து செட்டுக்கு இழுத்துவிட்டு அதற்கும் காசு வாங்கினார். ஒப்டிக்கல் வழியாகச் சுருக்காத சத்தம் இரண்டு தடங்களில் மட்டுமே போகும். ஆறு தடங்கள் போகவேண்டுமென்றால் டொல்பி டிஜிட்டல் அல்லது டி.டி.எஸ். முறையில் சுருக்கி அனுப்பவேண்டும், அதை அவிழ்க்கும் டிகோடர் செட்டுக்குள் இருக்கவேண்டும். எங்கள் செட்டில் அது இல்லை. படம் போடும் வி.எல்.சி. மென்பொருளில் சுருக்கிய சத்தத்தை அப்படியே அனுப்பச் செய்து பார்த்தோம், வெறும் இரைச்சல் வந்தது. எச்.டி.எம்.ஐ. வயரில் சுருக்காமலே எட்டுத் தடங்கள்கூடப் போகும் என்பது உண்மைதான், ஆனால் அதை வாங்கிப் பெட்டிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் ரிசீவர் எங்களிடம் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது இனிமேல் சொல்லப்போவதில்தான். அந்தத் துண்டே தேவையில்லை! கணினியின் மதர்போர்டில் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று மூன்று துளைகள் இருக்கின்றன. கணினியின் சத்தத்தைக் கவனிக்கும் ரியல்டெக் மென்பொருளில் 5.1 என்று தெரிவுசெய்தவுடன் பச்சை முன் பெட்டிகளுக்கும், நீலம் பின் பெட்டிகளுக்கும், இளஞ்சிவப்பு நடுப்பெட்டிக்கும் சப்வூஃபருக்கும் மாறிவிட்டன. மூன்று வயர்களையும் பிரிப்பான் இல்லாமல் நேராகச் செருகினாள் பிள்ளை. வேலை அத்தோடு முடிந்தது. கூடுதல் துளையுள்ள மதர்போர்டுகளில் பின் பெட்டிக்குக் கறுப்பு, நடுவுக்கும் சப்வூஃபருக்கும் செம்மஞ்சள் என்று தனித்தனியாக இருக்கும். கணினியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்த மனிதருக்கு இந்த நிறங்கள் தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரியாது என்றால், இந்த வேலைக்குக் கூலி வாங்கவே கூடாது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டைப் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். நாங்கள் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் கொடுத்தோம். பிரிப்பான்களைப் படம் எடுத்து இணைத்திருந்தோம், டேப்பையும் எறியவில்லை.

செய்தி கடைக்கு எட்டியிருக்கவேண்டும். துண்டுக்கான 6500 ரூபாயை வாசிகசாலைக்கே கொண்டுவந்து தந்தார். பூட்டுக்கூலியைத் தரமுடியாது என்கிறார், "வேலை செய்தது செய்ததுதானே ஐயா" என்கிறார். ஒப்டிக்கல் வயருக்கான காசும் வரவில்லை. பற்றுச்சீட்டில் அதன் பெயரே கிடையாது, 'இதர பொருட்கள்' என்று எழுதித் தந்திருக்கிறார்.