பொய்ச் செய்தி செய்யப் பழக்கும் விளையாட்டு: பாதிக் கிணறுதான்

'பேட் நியூஸ்' விளையாட்டில் வில்லனே நாம்தான். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லாமல், உருவாக்கிப் பரப்பச் சொல்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்களும் நெதர்லாந்துக் குழு ஒன்றும் சேர்ந்து 2018இல் வெளியிட்டது. பிரவுசரிலேயே ஓடும், காசு கிடையாது, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஏழாவது படிக்கும் அண்ணன் மகளோடு உட்கார்ந்து விளையாடினேன். திரையில் இரண்டு அளவுகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்: பின்தொடர்பவர்கள் எத்தனை பேர், நம்பகத்தன்மை எவ்வளவு. அப்பட்டமாகப் புளுகினால் நம்பகத்தன்மை சரிந்துவிடும். அதனால் பார்த்துப் பார்த்துப் புளுக வேண்டும்! ஆள்மாறாட்டம், உணர்ச்சியைக் கிளறுவது, இரு தரப்பை மோதவிடுவது, சதிக்கதை கட்டுவது, கேள்வி கேட்டவர் மீதே சேற்றை வாரி இறைப்பது, வம்பிழுப்பது என்று ஆறு பேட்ஜ்கள். மூன்றாவது பேட்ஜ் வருவதற்குள், "அத்தை, கோபம் வர்ற மாதிரி எழுதினாத்தான் ஆள் சேருது" என்றாள். நான் உட்காரவைத்துப் பாடம் எடுத்திருந்தால் இது ஏறியிருக்காது.

சிக்கல் அப்புறம்தான். 1998 முதல் இணையத்தில் இருக்கும் 'மர ஆக்டோபஸ்' பக்கத்தைக் காட்டினேன். அமெரிக்கக் காடுகளில் மரமேறி வாழும் ஆக்டோபஸ் அழிந்துவருகிறதாம், முழுக்கக் கட்டுக்கதை. பொய் என்று உடனே சொல்லிவிட்டாள். சரி, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று ஒரு பக்கத்தைக் காட்டினேன். அதையும் பொய் என்றாள். அது உண்மை.

இவளை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்த வகை விளையாட்டுகளின் ஆய்வுத் தரவுகளை மறுபடி அலசி 2023இல் வந்த கட்டுரையும், விளையாடியவர்கள் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதில் முன்னேறவில்லை, எல்லாவற்றையுமே கூடுதலாகச் சந்தேகிக்கிறார்கள் என்றுதான் சொன்னது.

விளையாட்டில் இல்லாத பாதியை நாம்தான் கொடுக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஒரு ஆய்வில் வரலாற்றுப் பேராசிரியர்கள்கூட இணையப் பக்கத்தின் லோகோவையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தை முழுதாகப் படிக்கவே இல்லை. சட்டென்று புது டேப் திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அந்த மூன்று இதயத்தை அவளையே இப்படித் தேடவைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நாங்கள் ஆடியது ஆங்கிலப் பதிப்பு, வாசிக்க நிறைய உண்டு. இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு 'பேட் நியூஸ் ஜூனியர்' என்று தனிப் பதிப்பு இருக்கிறது. தனியாக விளையாட விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஐந்துக்கு மூன்றரை.