ஓடா, ஷீட்டா? கோத்தகிரிச் சமையலறைக்கு ஒரு கூரைக் கணக்கு

எங்கள் சமையலறைக் கூரை மழை பெய்த நாளில் ஒழுகவில்லை. வானம் துடைத்து வைத்தது போலிருந்த ஒரு ஜனவரி காலையில் ஒழுகியது. அம்மா இட்லிப் பானையை இறக்கி வைத்த நேரம். அடுப்பு மேடையில் ஒரு சொட்டு, மாவுப் பாத்திரத்தில் ஒரு சொட்டு, என் பிடரியில் ஒரு சொட்டு. பழைய தகர ஷீட்டின் ஆணித் துளைதான் காரணம் என்று முடிவுகட்டி, மேலே ஏறி ஒவ்வொரு ஆணித் தலையிலும் சிலிக்கான் பூசினேன். அடுத்த வாரமும் சொட்டியது. இரண்டு குளிர்காலமும் ஐந்து ட்யூப் சிலிக்கானும் தீர்ந்த பிறகுதான், ஸ்டூல் போட்டு ஏறி ஷீட்டின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கத் தோன்றியது. உள்ளங்கை முழுக்க ஈரம். துளை இருந்த இடத்தில் மட்டும் என்றால் சரி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஈரம். எங்கள் கூரையில் சொட்டியது எங்கள் வீட்டு இட்லி ஆவி.

மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிடவும் அது அதிகம் குளிர்ந்துவிடும். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் உறைபனியில் புல் வெளுத்துக் கிடப்பதும் இதனால்தான். காலையில் அடுப்பைப் பற்றவைத்தால், கிளம்புகிற ஆவிக்கு அந்தத் தகரம்தான் குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறம் மாதிரி. இது புரிந்த பிறகுதான் கூரையை மாற்றும் பேச்சே எங்கள் வீட்டில் உருப்படியாக ஆரம்பித்தது. மலையில் கூரைக்கு மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். கடைக்காரர்கள் மேலே விழுகிற தண்ணீரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள்.

போட்டியில் இருந்தவை நான்கு: மங்களூர் ஓடு, கலர் ஷீட் (வண்ணம் பூசிய இரும்புத் தகரம்), சிமெண்ட் ஷீட், கான்கிரீட். கான்கிரீட் என் மாமனாரின் கட்சி. "ஒரு தடவை போட்டுட்டா அப்புறம் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம் மாப்பிள்ளை" என்பார். அவர் இருப்பது கீழே சமவெளியில், காரமடையில். அங்கே மொட்டை மாடியில் வடகம் காயும், கோடையில் பாய் விரித்துப் படுக்கலாம். இங்கே மொட்டை மாடியில் வளர்வது பாசி. நான்கு அங்குலத் தளம் என்றாலே சதுர மீட்டருக்கு 250 கிலோ வரும். எங்கள் சமையலறைச் சுவரோ மண் சாந்தில் அடுக்கிய கல். அதன் தலையில் அத்தனை பாரத்தை ஏற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. சென்ட்ரிங், கம்பி, அப்புறம் இரண்டு வாரம் நீராட்டு என்று போகும் வேலையில் நாமாகச் செய்யவும் ஒன்றுமில்லை. அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டேன். இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. சிமெண்ட் ஷீட்டைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆக, ஓடா ஷீட்டா என்பதுதான் மிச்சம்.

மனசு ஓட்டின் பக்கம்தான். முன் வராந்தாவில் ஏற்கெனவே ஓடுதான் இருக்கிறது. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்புக்காரர்கள் 1865இல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியதிலிருந்து இந்த ஓடு மேற்குக் கரை முழுக்கப் பரவி, மலையும் ஏறிவிட்டது. பழைய ஓட்டைப் புரட்டிப் பார்த்தால் ஆலையின் பெயர் பதிந்திருக்கும். அதைப் படித்துக்கொண்டே அரை நாளை ஓட்டிவிடலாம். ஆனால் மனசு சொன்னதை அளவு நாடா மறுத்துவிட்டது.

ஓட்டுக்கு ஏறக்குறைய 30 டிகிரி சரிவு வேண்டும். அடிக்கு 7 அங்குலம் ஏற வேண்டும் என்று அர்த்தம். எங்கள் சமையலறை வீட்டோடு ஒட்டிப் போட்ட ஒற்றைச் சாய்ப்பு. 12 அடி நீளம், 10 அடி அகலம், தாழ்ந்த பக்கச் சுவர் 7 அடி. 10 அடி அகலத்துக்கு 70 அங்குலம் ஏற்றினால் உயர்ந்த பக்கம் 13 அடியை நெருங்கும். வீட்டின் தாழ்வாரமோ 10 அடியில் வந்து நிற்கிறது. ஓடு போட்டால் வீட்டுக் கூரைக்குள்ளேயே போய் இடிக்கும். சரிவைக் குறைத்து ஓடு போட்டவர்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. ஐப்பசியில் காற்றோடு சாரல் அடிக்கும்போது தண்ணீர் ஓட்டுக்கு அடியில் மேல்நோக்கி ஏறி உள்ளே கொட்டும். அந்த வீடுகளில் ஓட்டின் மேல் நீலத் தார்ப்பாய் நிரந்தரமாகிவிட்டது.

ஷீட்டுக்கு 10 டிகிரி போதும், அதாவது அடிக்கு 2 அங்குலம். நான் 3 அங்குலம் வைத்தேன். இலைச் சருகு தங்காமல் ஓடும், உயர்ந்த பக்கமும் ஒன்பதரை அடியில் முடிந்து தாழ்வாரத்துக்கு அடியில் அடங்கிவிடும். ஒட்டுச் சாய்ப்பு வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டால், பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது சுமை. கூரையின் மொத்தப் பரப்பு ஓரம் வெளியே நீட்டுவதையும் சேர்த்து 170 சதுர அடி. நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 150 ஓடு என்றால் 250 ஓட்டுக்கு மேல் வேண்டும். ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ என்றே வைத்தாலும் 600 கிலோவைத் தாண்டும். மழையில் ஊறினால் இன்னும் கூடும். அரை மில்லிமீட்டர் கலர் ஷீட்டில் அதே பரப்பு 12 அடி ஷீட் ஐந்தில் முடிகிறது. ஒன்று 17 கிலோ போல. ஐந்தும் சேர்ந்து ஒரு சிமெண்ட் மூட்டையும் முக்கால் மூட்டையும்தான். சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு 84 படி இறங்க வேண்டும். மலையில் பொருளின் விலையைக் கேட்பவர்கள் படிக்கூலியைக் கேட்க மறந்துவிடுவார்கள். லாரி மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டைஊசி வளைவெல்லாம் ஏறி வந்து நிற்பதோடு சரி. அதற்குப் பிறகு ஓட்டுக்குத் தலைக்குப் பத்து என்று இருபத்தைந்து நடை.

ஷீட்டுக்கு ஐந்தே நடைதான், ஆனால் ஒவ்வொன்றும் திகில். நானும் மச்சானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் படியில் இறங்கினோம். நாற்பதாவது படி திரும்பும் இடத்தில் தேயிலைச் சரிவிலிருந்து ஒரு காற்று எழும்பி ஷீட்டுக்கு அடியில் புகுந்தது. மச்சான் கையை விட்டுவிட்டான், புத்திசாலி. நான் விடவில்லை. கையுறை போட்டிருந்ததால் விரல் தப்பியது. பக்கத்து வீட்டு ஹைட்ரேஞ்சியா செடிதான் பாதியோடு போயிற்று. காற்றில்லாத காலை ஏழு மணிக்கே சுமந்துவிட வேண்டும் என்று மீதி நான்கு ஷீட்டும் கற்றுக்கொடுத்தன.

தடிமனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் 0.50 என்று சொல்வது பெரும்பாலும் பூச்சையும் சேர்த்த தடிமன். உள்ளே இரும்பு அதைவிடக் குறைவு. எது எது என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் ஒரு ஷீட்டைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள், எடை பொய் சொல்லாது. பூச்சில் பாதிக்கு மேல் அலுமினியம், 55 சதவீதம். மீதி பெரும்பாலும் துத்தநாகம். வெறும் துத்தநாகம் பூசிய பழைய தகரத்தைவிட இது மழையில் நின்று உழைக்கும். ஆனால் அதற்கு ஒரு விரோதி உண்டு, சிமெண்ட். எங்கள் ஊரில் ஷீட் சுவரைத் தொடும் இடத்தில் சிமெண்டைக் குழைத்து அப்பிவிடுவது வழக்கம். ஈரச் சிமெண்டின் காரம் அந்தப் பூச்சை அரிக்கும். போதாததற்கு, வெயிலில் ஷீட் நீளும், இரவில் சுருங்கும், சிமெண்ட் விரிசல் விடும். சரியான வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். ஷீட்டுக்கு அரை அடி மேலே சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, வளைத்த தகரப் பட்டையின் மேல் விளிம்பை அதில் சொருகி, கீழ் விளிம்பை ஷீட்டின் மேல் படிய விட வேண்டும். காடியை மட்டும் சீலண்ட் வைத்து அடைத்தால் போதும். எனக்கு இந்த ஒரு வேலைக்கே ஒரு ஞாயிறு முழுக்க ஓடியது. மொத்தக் கூரையில் நான் பெருமைப்படும் இடமும் அதுதான். யார் கண்ணுக்கும் தெரியாது.

நாமே செய்வதில் ஷீட் முந்திக்கொள்கிறது. 4 அடிக்கு ஒரு குறுக்கு பைப், ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ, ஒரு டிரில், இடுப்பில் கயிறு. இரண்டு பேர் இரண்டு நாள். ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில் அடிக்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் வேண்டாம். வாஷர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். ஆத்திரத்தில் இன்னும் முறுக்கினால் ரப்பர் கிழிந்து, அடுத்த வருஷம் நிஜமாகவே ஒழுகும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்முனையிலிருந்து ஷீட்டை அடுக்கிக்கொண்டு வந்தால், ஒன்றின் மேல் ஒன்று ஏறும் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். ஓரத்தை வெட்ட நான் கிரைண்டரை எடுத்தபோது, பைப் பற்றவைக்க வந்த ஆசாரி தடுத்துவிட்டார். "தம்பி, தகரத்துக்குக் கத்திரி. கல்லுக்குத்தான் கட்டர்." கிரைண்டர் பொறி தெறித்த இடமெல்லாம் பூச்சு கருகி, ஒரு மழைக்குள் துருப்புள்ளி வைத்துவிடும் என்றார். பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகையைக் காட்டினார். அம்மை போட்ட மாதிரி இருந்தது.

ஓட்டில் வேலை வேறு மாதிரி. கைமரம், அதன் மேல் ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பர், ரீப்பர் இடைவெளி ஓட்டுக்கு ஓடு பிசகாமல் இருக்க வேண்டும். அரை அங்குலம் தவறினால் வரிசை முழுக்க நொண்டும். மரமும் பார்த்து வாங்க வேண்டும். இங்கே சுலபமாகக் கிடைப்பது சில்வர் ஓக். அதை அப்படியே போட்டால் வண்டு துளைத்துவிடும், மருந்து அடித்துக் காயவைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும். பழைய ஓடு வாங்கினால் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் எடுங்கள், சொத்தென்றால் உள்ளே கீறல்.

ஆனால் பழுது பார்ப்பதில் ஓட்டை அடிக்க ஆளில்லை. உடைந்த ஒன்றை உருவிவிட்டு இன்னொன்றைச் சொருக ஐந்து நிமிடம். வெளிச்சம் வேண்டுமென்றால் நடுவில் கண்ணாடி ஓடு ஒன்று. ஷீட் ஓட்டையானால் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஓட்டுக்கு எதிராக இருக்கும் ஒரே ஆள் குரங்கு. எங்கள் வராந்தாவில் கொய்யா சீசனில் ஒரு கூட்டம் ஓடினால் நான்கைந்து ஓடு நகர்ந்திருக்கும். மழைக்கு முன் ஏணி போட்டுச் சரிசெய்வது எனக்கு வருடாந்திரச் சடங்கு. ஷீட்டில் குரங்கு ஓடினால் சேதமில்லை, தூக்கம்தான் போகும். மழைச் சத்தமும் அப்படியே. சமையலறையில் மழை நேரத்தில் போன் பேசினால் அக்காவுக்கு நான் சொல்வது எதுவும் கேட்பதில்லை, நான் கத்துகிறேன் என்று கோபித்துக்கொள்கிறாள்.

இப்போது ஆவிக்கு வருவோம், எல்லாம் அங்கேதானே ஆரம்பித்தது. ஓட்டுக் கூரை மூச்சு விடும். இடுக்கு வழியாக ஆவியும் புகையும் வெளியேறும், மீதியைச் சுட்ட மண் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொண்டு பகலில் விடும். விறகடுப்பு எரிகிற வீடு என்றால் யோசிக்காமல் ஓடு போடுங்கள். அதே இடுக்கு வழியாகத்தான் மார்கழிக் குளிரும் உள்ளே வரும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஷீட் குளிரில் வியர்க்கும், அதை யாராலும் மாற்ற முடியாது. வியர்வைக்கும் நமக்கும் நடுவில் எதையாவது வைக்கலாம். நான் ஷீட்டுக்கு அடியில் குமிழ் வைத்த அலுமினிய ஃபாயில் விரித்து, 4 அங்குலம் இடைவெளி விட்டு, அதன் கீழே பலகை சீலிங் அடித்தேன். இடைவெளியின் இரண்டு முனையும் திறந்தே இருக்கிறது, எலி புகாமல் கம்பி வலை மட்டும். இதற்கெல்லாம் முன்னால் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். உண்மையைச் சொன்னால் பாதிச் சொட்டு அந்த ஃபேனிலேயே நின்றுவிட்டது. இட்லிப் பானையைத் திறக்கும் முன் சுவிட்சைத் தட்ட அம்மா பழகிக்கொள்ளத்தான் ஒரு மாதம் ஆனது.

செலவில் வெறும் ஷீட்டுக்கு ஓடு ஈடு கொடுக்காது. ஃபாயில், பலகை, கூலி எல்லாம் சேர்த்தால் அந்த விலை வித்தியாசம் நன்றாகச் சுருங்கிவிடும். ஷீட் மலிவு என்று சொல்பவர்கள் சீலிங்கைக் கணக்கில் சேர்க்காதவர்கள்.

போன ஜனவரியில் காலை ஆறு மணிக்கே எழுந்து அடுப்பை மூட்டி, தலையை அண்ணாந்து நின்றேன். சொட்டு இல்லை. பத்து நாள் கழித்து, ஃபாயில் இணைப்பில் டேப் உரிந்த ஒரு மூலையில் மட்டும் பலகை கறுத்திருந்தது. பலகையைக் கழற்றி டேப்பை ஒட்டினேன்.

சிமெண்ட் ஷீட் மிச்சமிருக்கிறது. விலை குறைவு, தகரத்தைவிடச் சத்தமும் வியர்வையும் கம்மி, அதனால்தான் பழைய குளியலறைகள், மாட்டுக் கொட்டகைகள் எல்லாவற்றிலும் அதுதான். ஆனால் பழைய ஷீட்டில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தூசு பறக்காத வரை ஆபத்து குறைவு. அறுப்பது, துளை போடுவது, காய்ந்த பாசியைப் பிரஷால் தேய்ப்பது, இவற்றில்தான் கல்நார் இழை காற்றில் கலக்கும். வீட்டு வேலை செய்பவர் செய்வதும் சரியாக இந்த மூன்றும்தான். கல்நார் இல்லாத ஷீட்டும் இப்போது வருகிறது, கேட்டு வாங்க வேண்டும். பழசின் மேல் கால் வைக்கவும் கூடாது. பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அப்பளம் மாதிரி உடைந்து ஆளைக் கீழே விட்டுவிடும்.

எங்கள் குளியலறை மேல் அப்படி நான்கு ஷீட் இன்னும் கிடக்கிறது. தண்ணீர் தெளித்து நனைத்து, கொக்கி நட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். முகத்துக்கு நல்ல மாஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். அளவும் எடுத்தாயிற்று, 6 அடி கலர் ஷீட் இரண்டு போதும். மச்சான் மார்ச்சில் வருகிறான். இந்தத் தடவை காலை ஏழு மணிக்கு.