ஜிசிஎஸ்ஸா, சிஆர்எஸ்-ஆரா: மூளைக் காயத்துக்குப் பிறகு எந்த ஸ்கோரை நம்புவது?

தலையில் அடிபட்டால் முதலில் காதில் விழுவது கிளாஸ்கோ கோமா ஸ்கேல், அதாவது ஜிசிஎஸ். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. எதற்குமே அசைவில்லை என்றாலும் 3 கிடைக்கும். 1974-ல் வந்தது, சில நிமிடங்களில் முடிந்துவிடும், எமர்ஜென்சியில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சிக்கல் வாரங்கள் கடந்த பிறகுதான். கண் திறந்திருக்கிறது, ஆனால் நம்மைப் பார்க்கிறாரா, சும்மா விழித்திருக்கிறாரா என்று தெரியாத கட்டத்தில் ஜிசிஎஸ் கைவிட்டுவிடும். தொண்டையில் டியூப் இருந்தால் பேச்சுக்கு மார்க் போடவே வழியில்லை. "கையைப் பிடிங்க" என்றதும் பிடித்துவிட்டார் என்று குடும்பமே சந்தோஷப்படும். உள்ளங்கையில் விரல் பட்டாலே தானாக மூடிக்கொள்ளும் ரிஃப்ளெக்ஸாகவும் அது இருக்கலாம், அதனால் "விடுங்க" என்றும் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டத்துக்கு என் ஓட்டு சிஆர்எஸ்-ஆருக்குத்தான், அதாவது கோமா ரிகவரி ஸ்கேல்-ரிவைஸ்டு. 2004-ல் திருத்தி வெளியிட்டது, 6 பகுதி, 23 மார்க், எதை எப்படிச் சோதிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் கறாரான விதி. கண் பின்தொடர்வதைப் பார்க்கப் பேனாவோ டார்ச்சோ கிடையாது, கண்ணாடிதான்: முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாகப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் நகர்த்துவார்கள். மற்ற பொருளைக் கண்டுகொள்ளாத சிலர் தன் முகத்தை மட்டும் விடாமல் தொடர்வார்கள். அந்த ஒரு அசைவு போதும், "உணர்வே இல்லை" என்ற முடிவு "குறைந்தபட்ச உணர்வு நிலை" என்று மாறிவிடும். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவக் குழு கூடிப் பேசி உணர்வில்லை என்று சொன்ன 44 பேரில் 18 பேருக்கு இந்தச் சோதனையில் உணர்வுக்கான அறிகுறி தெரிந்தது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அதற்காக இதையும் ஒரே தடவை செய்துவிட்டு நம்ப முடியாது. காலையில் கண்ணாடியைத் தொடர்ந்தவர் மதியம் தூக்க மாத்திரையின் மயக்கத்தில் ஒன்றுமே செய்யமாட்டார். இரண்டு வாரத்துக்குள் குறைந்தது 5 முறை பார்க்கச் சொல்வது இதனால்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் வரை ஆகும், பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும் என்பதால் பல இடங்களில் ஒரு முறையோடு நிறுத்திவிடுகிறார்கள். காது கேட்காதவருக்கும், பேச்சு புரியாத அஃபேசியா உள்ளவருக்கும் மார்க் குறைவாகத்தான் வரும், அதை உணர்வில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃபோர் ஸ்கோர் என்று ஒன்று உண்டு. பேச்சுக்குப் பதில் மூளைத்தண்டையும் சுவாசத்தையும் பார்க்கும், ஐசியூவோடு சரி.

ஆள் தேறி எழுந்து நடமாடத் தொடங்கினால் ஃபிம், அதாவது அன்றாட வேலைகளை எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று பார்க்கும் ஸ்கோர்: 18 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை, உச்சம் 126. சாப்பிடுவது, உடுத்துவது, நடப்பதை எல்லாம் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் 120-ஐத் தாண்டியவர் வேலைக்குத் திரும்பி, போனில் பேசிக்கொண்டே குறிப்பெடுக்க முடியாமல் திணறினால் அது ஃபிம்மில் ஏறாது. அதற்குக் கவனம், ஞாபகம் போன்றவற்றைச் சோதிக்கும் நியூரோசைக்காலஜி டெஸ்ட் வேண்டும், அதிலும் அதே தாளை அடுத்த மாதமே திரும்பக் கொடுத்தால் பழக்கத்தில் ஏறிய மார்க்கைத் தேறியதாக எண்ணிவிடுவோம், அதனால் மாற்றுத் தாள் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.