சதுரக்கள்ளியா, சப்பாத்திக்கள்ளியா?

எங்கள் ஊர்க் கரட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டும் பச்சைத் தண்டு, இரண்டிலும் முள். ஒரே குடும்பம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். குச்சியால் கீறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். சதுரக்கள்ளியில் பால் வடியும். சப்பாத்தியில் வெண்டைக்காய் மாதிரி வழவழப்புதான்.

சதுரக்கள்ளி ஆமணக்குக் குடும்பம், இந்த மண்ணின் செடி. (பெயர்தான் சதுரம், விளிம்பை எண்ணினால் சிலதில் மூன்று, சிலதில் ஐந்து.) சங்கப் பாலைப் பாட்டுக் கள்ளி இதன் கூட்டமாகத்தான் இருக்க வேண்டும். சப்பாத்தியின் பிறப்பிடம் அமெரிக்கா.

உறவே இல்லாத இரண்டும் வறட்சிக்கு ஒரே வழியைப் பிடித்திருக்கின்றன. பகலில் தண்டின் மூச்சுத் துளைகளைத் திறந்தால் வெயில் நீரை உறிஞ்சிவிடும். அதனால் இரவில் திறந்து, கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உணவு சமைக்கின்றன. சப்பாத்தி மடல் விடியலில் அதிகம் புளிப்பதும் சாயங்காலம் புளிப்பு குறைவதும் இதனால்தான்.

முள்ளில் கதை வேறு. சதுரக்கள்ளியில் விளிம்போடு இரட்டை இரட்டையாக இருக்கும், பார்த்து ஒதுங்கலாம். சப்பாத்தியில் பெரிய முள்ளை விட அதன் அடியில் இருக்கும் பொடிச் சுணைதான் வில்லன். பழத்தை மண்ணில் நன்றாகத் தேய்த்து, பிளந்து, உள்ளே இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுத் தின்போம். நாக்கு செக்கச்செவேல் என்றாகும். உதட்டில் ஏறிய சுணை மறுநாளும் உறுத்தும்.

சப்பாத்திக்கு எதிரியும் உண்டு. சப்பாத்தியில் வாழும் ஒரு பூச்சியை நசுக்கிச் சிவப்புச் சாயம் எடுப்பார்கள். 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அந்தப் பூச்சி என்று நினைத்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது வேறு இனம். சாயத்துக்குத் தேறவில்லை, செடியை மட்டும் தின்று தீர்த்தது. தென்னிந்தியாவில் மண்டிய இன்னொரு வகைச் சப்பாத்தியை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து அதன் பங்காளிப் பூச்சியைத் தெரிந்தே இறக்கினார்கள். இன்றும் மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் நசுக்கிப் பாருங்கள், விரல் சிவக்கும்.

சரி, வேலிக்கு எது? என் ஓட்டு சதுரக்கள்ளிக்கு. ஆடு வாய் வைக்காது, சப்பாத்தி மாதிரி விழுந்த மடலெல்லாம் வேர்விட்டு வயலுக்குள் நுழையாது. ஆனால் வெட்டும்போது காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மாடு வைத்திருப்பவருக்குச் சப்பாத்திதான். பஞ்சத்தில் முள்ளைப் பொசுக்கிப் போடுவார்கள்; இப்போது முள்ளில்லாத வகையும் கிடைக்கிறது. மடலில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் வைக்கோலோடு கலந்தே போடுங்கள், தனியாகத் தின்றால் மாட்டுக்குக் கழிச்சல்தான்.