லப்டொப்பில் நெட் ஓடும்போதே வைஃபை கார்ட் பழுது என்று சொன்னால் நம்பாதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் லப்டொப் திருத்தக் கொடுப்பவர்கள், முக்கியமாக வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு அதற்குள் இன்னொரு விண்டோஸ் வைத்து வேலை செய்பவர்கள், கொடுக்க முதல் இதை வாசியுங்கள். எனக்குக் காசும் போனது, ஒரு சிறுபோகத்து நெல் கொள்வனவுக் கணக்கும் போனது.

நான் விசுவமடுவில் இருந்து ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆலையின் கணக்கு மென்பொருள் பழையது, புது விண்டோஸில் ஓடாது. அதனால் வேர்ச்சுவல்பொக்ஸில் விண்டோஸ் 7ஐ மெய்நிகர் கணினியாக, அதாவது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியாக வைத்து, அதற்குள் ஓட்டுகிறோம். புது லப்டொப்புக்கு அதை மாற்றிய பிறகு, உள்ளே மட்டும் நெட்வேர்க் இல்லை. ஆலையிலுள்ள பிரிண்டருக்குப் பில் அனுப்ப முடியவில்லை. பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் ‘ஈதர்நெட் கொன்ட்ரோலர்’ என்ற வரிக்குப் பக்கத்தில் மஞ்சள் குறி. வெளியே, அதே லப்டொப்பில், யூடியூப் தடங்கலில்லாமல் ஓடியது.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். அவர் உள்ளே இருக்கும் விண்டோஸைத் திறந்து, வைஃபை அடையாளத்தைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, இதுக்குள்ள வைஃபையே காணேல்லை. கார்ட் அடிபட்டுப்போச்சு. மாத்தினாத்தான் சரிவரும்.”

“அண்ணை, வெளியில நெட் வேலை செய்யுதுதானே?” என்று கேட்டேன்.

“அது கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு அதுவும் நிண்டுடும்.”

கணக்கு உள்ளே இருக்கிறது, ஒன்றையும் அழிக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன். திரும்பி வந்த லப்டொப்பில், மெய்நிகர் கணினி இருந்த டி டிரைவ் வெறுமையாக இருந்தது. வைரஸ் இருந்ததால் முழுதாகப் போர்மட் பண்ணி விண்டோஸ் அடித்ததாகச் சொன்னார்கள். புது வைஃபை கார்ட்டுக்கும் கூலிக்கும் 14,500 ரூபா எழுதியிருந்தார்கள். எஸ்எஸ்டியில் போர்மட் பண்ணினால் பழைய தரவைத் துடைக்கச் சொல்லும் ட்ரிம் என்ற கட்டளை அந்த டிஸ்க்குக்கு அனுப்பப்பட்டுவிடும், அதன் பிறகு பழைய கோப்பை மீட்பது அநேகமாக நடக்காத காரியம். இரணைமடுக் குளத்துக்குக் கீழே விதைக்கிறவர்கள் எத்தனை மூட்டை தந்தார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. இப்போது வீடு வீடாகப் போய்த் துண்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, அந்தக் கார்ட்டின் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டு ரவுட்டரில் இணையும் கருவிகளுக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். ரவுட்டர் ஒரு கருவியை அடையாளம் பிடிப்பது அதன் மாக் முகவரியால். 12 எழுத்தும் இலக்கமும் கொண்ட அந்த முகவரி கார்ட்டோடு வருவது, கார்ட் மாறினால் அதுவும் மாறும். போர்மட் பண்ணிய லப்டொப்பை இணைத்ததும் ரவுட்டர் பட்டியலில் பழைய பெயரோடேயே வந்து நின்றது. முகவரியில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அதாவது கார்ட்டைக் கழற்றவே இல்லை.

அதைவிட, முந்தைய போகத்தோடு நிற்கும் ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அதை ஏற்றினேன். மாற்றியதாகச் சொன்ன கார்ட், புதிதாக அடித்த விண்டோஸ், எல்லாம் இருந்தும் அதே இடத்தில் அதே மஞ்சள் குறி!

ஏனென்றால் பிழை லப்டொப்பில் இல்லை. மெய்நிகர் கணினிக்கு உங்கள் வைஃபை கார்ட் கண்ணிலேயே படாது. வேர்ச்சுவல்பொக்ஸ் தானாக ஒரு பொய்க் கார்ட்டை உருவாக்கிக் கொடுக்கிறது, அது எப்போதும் கேபிள் போட்ட ஈதர்நெட்டாகத்தான் தெரியும். உள்ளே வைஃபை இல்லாதது பழுதே இல்லை. அங்கே வைஃபை டிரைவர் (கார்ட்டை இயக்கும் மென்பொருள்) தேடிப் போடுவதும் வீண் வேலை.

என்னுடையதில் அந்தப் பொய்க் கார்ட்டின் வகை ‘வேர்ட்ஐஓ’ (VirtIO) என்று இருந்தது. விண்டோஸில் அதற்கு டிரைவர் கூடவே வராது, தனியாக எடுத்துப் போட வேண்டும். மஞ்சள் குறி வந்தது அதனால்தான். மெய்நிகர் கணினியை முழுதாக நிறுத்திவிட்டு, செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதிக்குப் போய், அடப்டர் வகையை ‘இன்டெல் புரோ/1000 எம்டி டெஸ்க்டொப்’ என்று மாற்றினேன். விண்டோஸ் 7 டிரைவரைத் தானே போட்டுக்கொண்டது. இணைப்பு முறை ‘நட்’ (NAT, லப்டொப்பின் இணைப்பையே உள்ளேயும் பகிரும் முறை) என்பதில் இருந்ததால் 10.0.2.15 என்ற முகவரியும் வந்தது, பிரிண்டரும் பேசியது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

உங்களுக்கு மஞ்சள் குறி இல்லாமல், பிரிட்ஜ்ட் முறையில் (மெய்நிகர் கணினி தனிக் கருவியாக ரவுட்டரில் இணையும் முறை) மட்டும் நெட் வராவிட்டால், முதலில் நட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பல வைஃபை கார்ட்டுகள் பிரிட்ஜ்ட் முறைக்கு ஒத்துழைப்பதில்லை. விண்டோஸில் ‘நெட்வேர்க் ரீசெட்’ கொடுத்திருந்தால் வேர்ச்சுவல்பொக்ஸின் பிரிட்ஜ் டிரைவரும் சேர்ந்து போயிருக்கும், வேர்ச்சுவல்பொக்ஸை மறுபடி நிறுவினால் வந்துவிடும்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மெய்நிகர் கணினியின் கோப்புறையை முழுதாக வெளியே பிரதி எடுங்கள், ஸ்னாப்ஷொட் (இடையில் சேமித்து வைத்த நிலை) இருந்தால் அதையும் சேர்த்து. லப்டொப்பின் கமாண்ட் விண்டோவில் (உள்ளே இருக்கும் விண்டோஸில் அல்ல) ipconfig /all என்று கொடுத்து வைஃபை கார்ட்டின் மாக் முகவரியைப் படம் பிடித்து வையுங்கள். கார்ட்டின் உண்மை முகவரிக்குப் பதில் வேறொன்றைக் காட்டும் ‘ரண்டம்’ முகவரி வசதி அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. பாகம் மாற்றினால் பழையதைக் கையில் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

கடைக்காரர் காசைத் திருப்பித்தர மறுத்துவிட்டார். பற்றுச்சீட்டையும் ரவுட்டர் பட்டியலின் படத்தையும் வைத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. கார்ட் மாற்றியதாகச் சொல்லி உங்களிடமும் காசு வாங்கியிருந்தால், சீட்டை எறிந்துவிடாமல் இன்றைக்கே மாக் முகவரியை ஒப்பிட்டுப் பாருங்கள்.