ஈயே இல்லாத ஈயடிச்சான் காப்பி

கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் கார்ட்ரிட்ஜை 'அச்சு அசலாக பேக்கப் எடுத்து, பேட்டரியும் மாற்றித் தருகிறோம்' என்று சொல்பவர்களிடம் அனுப்பப் போகிறீர்களா? ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 1,800 ரூபாய் போனது, அது பரவாயில்லை. என் தம்பி பள்ளி நாட்களில் 200 மணி நேரத்துக்கு மேல் ஆடிச் சேர்த்த சேவ், அதாவது ஆட்டத்தில் எட்டியிருந்த நிலையின் பதிவு, போய்விட்டது.

கார்ட்ரிட்ஜ் போகிமான் எமரால்டு. மாமா சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கி வந்தது. ஆன் செய்தால் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டதாக ஒரு செய்தி வரும், ஆனாலும் ஆடலாம். அசல் எமரால்டில் சேவ் இருப்பது மின்சாரம் இல்லாமலே பதிவைக் காக்கும் ஃபிளாஷ் சிப்பில். பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், கழற்றினாலும் சேவ் போகாது. இதை நானும் படித்திருந்தேன், கடைக்காரரும் சொன்னார். 'எதற்கும் முதலில் முழு பேக்கப் எடுத்துவிடுகிறோம் சார்' என்றார். ஜிபேயில் பணத்தைப் போட்டுவிட்டு கூரியரில் அனுப்பினேன்.

பத்து நாளில் கார்ட்ரிட்ஜும் இரண்டு ஃபைல்களும் வந்தன. கேம் ஃபைல் 16,777,216 பைட், அதாவது சரியாக 16 எம்பி. அசல் கார்ட்ரிட்ஜ்களின் ஹேஷ் எண்களை (ஃபைலின் கைரேகை மாதிரி, உள்ளே எது மாறினாலும் இதுவும் மாறிவிடும்) திரட்டி வைத்திருக்கும் நோ-இன்ட்ரோ பட்டியலோடு ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பொருந்தியது. அன்று இரவு நண்பர்களுக்கெல்லாம் அந்தக் கடையைச் சிபாரிசு வேறு செய்து தொலைத்தேன்.

மறுநாள் தம்பி ஆன் செய்தான். சேவ் இல்லை. பேட்டரி தீர்ந்த செய்தி மட்டும் அப்படியே வந்தது! சரி, பேக்கப் இருக்கிறதே என்று சேவ் ஃபைலை, ஒவ்வொரு பைட்டையும் அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். 131,072 பைட்டும் எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப். வெறும் காலி.

அப்புறம்தான் கார்ட்ரிட்ஜைக் கணினியில் படிக்கும் ஒரு ரீடர் வாங்கி நானே படித்துப் பார்த்தேன். இரண்டு முறை படித்தபோதும் ஒரே ஹேஷ்தான், ஆகவே படித்ததில் கோளாறு இல்லை. ஆனால் அது கடைக்காரர் கொடுத்த ஃபைலின் ஹேஷ் இல்லை. கார்ட்ரிட்ஜைத் திறந்ததும் புரிந்துவிட்டது. மாமா வாங்கி வந்ததே போலி. (அவரிடம் இன்னும் சொல்லவில்லை.) கடிகாரச் சிப்பே கிடையாது, அதனால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் அந்தச் செய்தி போகாது. போலிகள் பலவற்றில் சேவ் இருப்பது பேட்டரியை நம்பி வாழும் எஸ்ரேம் என்ற நினைவகச் சிப்பில். அதற்கேற்றபடி கேமிலும் கை வைத்திருப்பார்கள். பழைய பேட்டரியைக் கழற்றிய நொடியே தம்பியின் சேவ் முடிந்தது.

ஈயடிச்சான் காப்பி என்றால் ஏட்டில் நசுங்கிக் கிடந்த ஈயும் அதே இடத்தில் இருக்க வேண்டும் அல்லவா? என் கார்ட்ரிட்ஜில் ஈ இருந்தது. அவர்கள் கொடுத்த காப்பியில் இல்லை. கார்ட்ரிட்ஜைப் படிக்கவே இல்லை, இணையத்தில் கிடைத்த ஃபைலை இறக்கி அனுப்பியிருக்கிறார்கள். படித்திருந்தால் ஹேஷ் பொருந்தாததைப் பார்த்ததுமே போலி என்று தெரிந்திருக்கும், பேட்டரியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பேட்டரியைத் தொடும் முன் சேவ் ஃபைலை அனுப்பச் சொல்லுங்கள். கேம் பாய் போலவே கணினியில் கேமை ஓட்டும் எமுலேட்டரில் போட்டு உங்கள் பெயரும் ஆடிய நேரமும் வருகிறதா என்று பார்த்த பிறகு சம்மதியுங்கள். அனுப்பும் முன்பே தொடுமுனைகளுக்கு மேல் போர்டில் நின்டெண்டோ என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்களுடையதில் இல்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் கையில் இருந்தும் ஒருவரும் பார்க்கவில்லை.

கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டேன். 'உங்களுது டூப்ளிகேட் சார், நாங்க ஒரிஜினல் ஃபைலே குடுத்திருக்கோம். அதுக்கு மேல என்ன வேணும்?' என்று பதில் வந்தது.